படகு வந்து நின்ற கோயில்

இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். கைத்தடி ஊன்றி இறங்கும் கிழவி சொல்கிறார், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இறங்கும் பள்ளிப் பிள்ளை சொல்கிறது, தள்ளாடி இறங்கும் குடிகாரர்கூடச் சொல்கிறார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் இந்தச் சிறு ஊருக்கு நாங்கள் வந்த புதிதில், எனக்கும் என் கணவர் ரிச்சர்டுக்கும் இது பெரிய வேடிக்கை. கடலூர் முதுநகரில் டவுன் பஸ் முழுதாக நிற்பதற்குள் குதித்துப் பழகியவர் அவர். ஓட்டுநருக்கு ஒரு முகம் உண்டு என்பதையே நாங்கள் இங்கே வந்துதான் கவனித்தோம். பிறகு நாங்களும் சொல்லப் பழகினோம். ரிச்சர்டு சத்தமாகவே சொல்வார். "தேங்க்ஸ் எ மில்லியன்" என்று, இவர்களைப் போலவே இழுத்து.

போன கோடையில் ஒரு மாலை, அப்படி நன்றி சொல்லி இறங்கி, பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகு, நிழற்குடைக்குள் நின்றிருந்த மூன்று இளைஞர்கள் அவரை அடித்தார்கள். கண்ணாடியைப் பிடுங்கி மிதித்தார்கள். கீழே விழுந்தவரின் தோளில் உதைத்துவிட்டு, "கோ ஹோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஓடக்கூட இல்லையாம், நடந்துதான் போனார்களாம். அதை ரிச்சர்டு திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் மிகவும் மரியாதையாகப் பேசினார், தேநீர் குடித்தார், எங்கள் பெண் ஐரின் வரைந்த படத்தைப் பாராட்டினார். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

நான் இங்கே நர்ஸ். ரிச்சர்டுக்கு மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு ஆலையில் வேலை. தோள் ஆறிய பிறகும் அவர் வேலைக்குப் போகவில்லை. வாசலில் மணி அடித்தால் மாடிக்குப் போய்விடுவார். பதின்மூன்று வயதுப் பெண் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் ஜன்னல் திரையை விரல் அகலம் விலக்கிவைத்துக்கொண்டு நிற்பார். எனக்கும் பயம்தான். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், திரும்பி வந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என்னைப் போலப் பெட்டி கட்டிக்கொண்டு போனவர்கள் கேட்கமாட்டார்கள். பிள்ளையின் படிப்பு, வங்கிக் கடன், இங்கேயே பேசப் பழகிய அதன் நாக்கு எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில்தான் அவர் தன் வம்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ரிச்சர்டின் அம்மா வழியில் ஒரு பழைய பேச்சு உண்டு. கம்பெனிக்காரர்கள் காலத்தில் கடலூர்க் கோட்டைக்கு வந்த மைக்கேல் என்ற ஐரிஷ் சிப்பாயும், இன்னொரு ஐரிஷ் சிப்பாயின் மகளான கேதரினும் கடலூரில் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களிலிருந்து வந்தவர்கள்தான் இவர்கள். எத்தனை தலைமுறை முன்னால் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் கடலூர் மண்ணிலேயே பெண் எடுத்து, பெண் கொடுத்து, நிறமும் பேச்சும் மாறி, எங்களில் ஒருவர் ஆகிவிட்டார்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தவர் இப்போது சிரிக்காமல் சொன்னார்.

"எந்தக் கோயில்னு கண்டுபுடிச்சிட்டா போதும் செல்வி. ஒரு போட்டோ எடுத்து ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிடுவேன். நானும் இந்த ஊரு ரத்தம்தான்னு காட்டணும்."

"யாருக்குங்க காட்டப்போறீங்க? அந்த மூணு பேருக்கா?"

அவரை வீட்டை விட்டு வெளியே கொண்டுவர வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஐரினின் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஐப்பசியில், மழைக்காலம் என்று தெரிந்தும், டிக்கெட் போட்டேன்.

முதலில் சிதம்பரத்தில் என் அண்ணன் வீட்டில் இறங்கினோம். கீழ வீதிக்குப் பக்கத்தில் சிமெண்ட், பெயிண்ட் விற்கும் கடை அவருக்கு. இந்த அண்ணனுக்குப் பயந்து நான் ஒருமுறை சிதம்பரம் ரயில் நிலையத்தின் பெண்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். ரிச்சர்டைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாள் அது. வெளியே கேட்ட ஒவ்வொரு செருப்புச் சத்தமும் அண்ணனுடையதாகத் தோன்றியது. அவர் கையில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவரும் அவருடைய ஆட்களும் எங்களை ஊரெல்லாம் தேடியது நிஜம். ஐரின் பிறந்த பிறகு ஒருநாள் பழத்தோடு வந்து நின்றார். அவ்வளவுதான், யாரும் பழையதைப் பேசவில்லை. இப்போது அதே மனிதர் என் கணவருக்கு டிக்காஷன் காபி ஆற்றிக் கொடுத்தார்.

"என்ன மச்சான், ஆளு பாதியா எளைச்சிட்டீங்க? அங்க சோறு கெடைக்கலையா?" என்றார். நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நாங்க அமெரிக்காவுல மாப்ள தேடுறோம், நீங்க அயர்லாண்டுலேர்ந்து வந்து கடலூர்ல பாட்டன தேடுறீங்க!"

சிரித்தாலும், மறுநாள் தன் காரிலேயே எங்களைக் கடலூருக்கு அழைத்துப்போனார். புதுச்சத்திரம் தாண்டும்போதே காற்று கனத்துவிட்டது. ரிச்சர்டு கார்க் கண்ணாடியை இறக்கவே இல்லை. ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, வெள்ளரிப்பிஞ்சு விற்ற பெண் கண்ணாடியைத் தட்டினாள். அவர் உடம்பு தூக்கிப்போட்டது. அண்ணன் முன்னாலிருந்த கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டார். பிறகு வழி நெடுக அவர் ஹாரன் அடிக்கவே இல்லை.

என் மாமியார் மார்கரெட் முதுநகரில், துறைமுகம் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அப்போது தனியாக இருந்தார். திருப்பாதிரிப்புலியூர் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் யார் யாரோடு என்ன பேசினார்கள் என்று பாதி அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை வெளியே வராது. மகனின் தோளைப் பற்றிக் கேட்டார். மாடிப்படியில் விழுந்துவிட்டதாக நாங்கள் போனில் சொல்லியிருந்தோம். அதையே மறுபடி சொன்னோம். கோயிலைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் மாறியது.

"அதெல்லாம் எதுக்குடா இப்ப? யாருகிட்டயும் போயி கேக்காத."

"ஏம்மா, இதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? சின்னப் புள்ளையில நான் தெருவுல போனா, சட்டக்காரி, வெள்ளக்காரன் வம்சம்னு பின்னாலயே வருவானுங்க. உங்க ஊருக்குப் போ, கப்பல் வந்துருக்குன்னுவானுங்க. எங்கப்பா அழுவாரு. எந்த ஊருன்னு அவருக்கே தெரியாது. அதுக்கப்புறந்தான் எங்க வீட்டுல யாரும் அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல. நீ போயி அதக் கிளறாத."

ரிச்சர்டு என்னைப் பார்த்தார். அந்த மூன்று பேர் சொன்ன அதே வார்த்தை, அவர் அம்மாவின் வாயிலிருந்து தமிழில். ரிச்சர்டு விடவில்லை. கெஞ்சிக் கேட்ட பிறகு மாமியார் ஒன்றே ஒன்று சொன்னார். அவருடைய அப்பா சொன்னதாம்: "கேதரின் படகுலேர்ந்து எறங்கி நேரா கோயில் படியிலதான் கால வச்சா. அப்பிடியே உள்ள போயி கல்யாணம்." அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

இரண்டு நாள் அலைந்தோம். முதுநகரில் இரண்டு பழைய கோயில்கள், மஞ்சக்குப்பத்தில் ஒன்று. நான் இந்து வீட்டுப் பெண் என்றாலும், கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சொல்வதைப் போலக் கோயில் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மூன்றில் எதுவும் தண்ணீர் ஓரத்தில் இல்லை. உப்பனாற்றுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்த கோயில்கூட, நடுவில் வீடுகளும் மீன் காயப்போடும் திடலும் கடந்துதான் இருந்தது. சுண்ணாம்பு பூசிய தடித்த சுவர்கள், தரையிலிருந்து ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிய மேடை. பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, அதற்குக் கீழே கருங்கல் படிகள். அங்கிருந்த இளம் ஃபாதர் அன்பாகவே பேசினார். அந்தக் காலத்து ஏடு எதுவும் மிஞ்சவில்லை என்றார். படகு விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"படகு வர்றதுக்கு இங்க தண்ணி எங்க சார் இருக்கு? குடும்பக் கதைன்னா கொஞ்சம் அப்பிடி இப்பிடி சேத்துதான் சொல்வாங்க."

ரிச்சர்டின் முகம் சின்னதாகிவிட்டது. அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் கடையைப் பார்க்கச் சிதம்பரம் திரும்பியிருந்தார். அங்கிருந்து போன் செய்து, "செவப்பு எச்சரிக்கை கொடுத்துட்டான். அத்தையையும் கூட்டிக்கிட்டு ஒடனே கெளம்பு" என்றார். மாமியார் வர மறுத்தார். இந்த வீட்டில் எத்தனை புயல் பார்த்தாயிற்று என்றார். அவரை விட்டுவிட்டு நாங்களும் போகவில்லை.

அயர்லாந்திலும் மழைதான், வருஷம் முழுக்க மழைதான். அங்கே தூறலை 'சாஃப்ட் டே' என்பார்கள், மென்மையான நாள். கடலூர்க்காரர்களுக்கு மழை என்றால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மறுநாள் மதியம் வானம் இருட்டி, மின்சாரம் போய், காற்று ஓடுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று யாரோ சந்தில் கத்திக்கொண்டு ஓடினார்கள். கடல் ஏற்றமாக இருந்ததால் ஆறு உள்ளே போக வழியில்லாமல் திரும்பியது. சமையலறை மோரி வழியாகத்தான் முதலில் தண்ணீர் வந்தது. நாங்கள் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றுவதற்குள் கட்டிலையே தண்ணீர் தொட்டுவிட்டது. ஐரின் ஜன்னல் திண்டில் ஏறிக்கொண்டு, அழுகையே வராமல், மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தாள். பூரான் ஒன்று சுவரில் அவளுக்கு மேலே ஏறியது. நான் கையில் கிடைத்த தட்டால் அதைத் தள்ளினேன்.

அப்போது கதவை இடித்தார்கள். பல ஆண்களின் குரல். "தொறங்க! கதவத் தொறங்க!" தண்ணீருக்கு எதிராகக் கதவு உள்பக்கம் அதிர்ந்தது.

ரிச்சர்டு ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். நான் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டேன்.

"தொறக்காத செல்வி. வேணாம்."

"என்னங்க இது? நம்மள காப்பாத்த வந்துருக்காங்க."

"தொறக்காத. மூணு பேரு இருக்கானுங்க. நடந்து போவானுங்க. ஓட மாட்டானுங்க."

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னபோது, வெள்ளத்தைவிட அவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. வெளியே கதவைக் கட்டையால் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் கண்ணை மூடித் திறந்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முழு பலத்தோடு பக்கவாட்டில் இழுத்தேன். இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தோம். மாமியார் வந்து தாழ்ப்பாளை எடுத்தார்.

வெளியே மூன்று மீனவர்கள் நின்றிருந்தார்கள். சந்துக்குள் ஒரு ஃபைபர் படகு நின்றது.

"எவ்ளோ நேரமாக்கா தட்டுறது? செத்துட்டீங்களோன்னு நெனச்சிட்டோம். புள்ளைய முதல்ல குடுங்க."

ரிச்சர்டைக் கையைப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அவரைத் தூக்கிய மீனவர் அவருடைய தோளைத் தட்டி, "பயப்படாத மச்சான், நாங்க இருக்கம்ல" என்றார். முதல்முறை பார்க்கும் மனிதர். ரிச்சர்டு அவர் கையை விடவே இல்லை. படகைக் கழியால் தள்ளிக்கொண்டு சந்துகளையும் காம்பவுண்டுச் சுவர்களையும் தாண்டினார்கள். மீன் காயப்போடும் திடல் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் பரந்து கிடந்தது. எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. படகு எதிலோ மெதுவாக இடித்து நின்றபோதுதான் தலை நிமிர்ந்தேன். வெள்ளைச் சுவர், சின்னக் கதவு, கதவுக்குக் கீழே தண்ணீருக்கு மேல் ஒரே ஒரு படி.

மாமியார்தான் முதலில் இறங்கினார். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படகின் விளிம்பிலிருந்து காலை எடுத்து நேராக அந்தப் படியில் வைத்தார். வைத்தவர் நகரவில்லை. பின்னால் நாங்கள் காத்திருந்தோம், மழை அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, உள்ள போங்க" என்றார் மீனவர்.

"டேய் ரிச்சர்டு" என்றார் மாமியார், திரும்பாமலே. "இதான்டா."

உள்ளே பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஜனங்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகள், முக்காடு போட்ட பெண்கள், நெற்றியில் விபூதி கரைந்துபோன பெரியவர்கள், இரண்டு ஆடுகள். ஃபாதர் பேன்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கரண்டியோடு நின்று, பக்கக் கதவைப் பார்த்தார், வெளியே படகைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க சார்" என்றார். ரிச்சர்டு தலையை மட்டும் அசைத்தார்.

மாமியார் ஐரினின் தலையைத் துவட்டிக்கொண்டே மெல்லப் பேசினார். "எங்கப்பா சொல்றப்ப, அவுங்க ஏதோ சோடிச்ச படகுல பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாங்கன்னுதான் நான் நெனச்சிருந்தேன். நல்ல நாளுல இந்தப் படிக்கு எவன் படகுல வருவான்? உசுருக்குப் பயந்து வந்திருக்காங்க. வந்த எடத்துல, நாளைக்கு இருப்பமோ மாட்டமோன்னு சாமியார்கிட்ட கல்யாணத்துக்குக் கைய நீட்டியிருப்பாங்க."

ரிச்சர்டு அப்போதுதான் அழுதார். அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தம், உடைந்த கண்ணாடி, உதைத்த பூட்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். எனக்குக்கூடச் சொல்லாத ஒன்றையும் சொன்னார். கீழே கிடந்தபோது அவர்களிடம் "சாரி" என்று சொல்லியிருக்கிறார். மாமியார் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து, "வந்துடுடா" என்றார். பிறகு ஐரினைப் பார்த்தார். அவள் ஈரத் தலையோடு, ஆட்டுக்குட்டியிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். "சரி, போ. பாத்து இரு" என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகு அண்ணன் சிதம்பரத்திலிருந்து டிராக்டர் பிடித்து வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார். மாமியாரும் வந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார், அண்ணன் வீட்டில்.

அயர்லாந்துக்குத் திரும்பி வந்ததும், தண்ணீர் வடிந்த அன்று எடுத்திருந்த போட்டோவை ரிச்சர்டு ஃப்ரேம் போட்டார். சேறு அப்பிய படி, சின்னக் கதவு. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டெர்மட், மனைவியை இழந்த கிழவர். ரிச்சர்டு அடிபட்ட அன்று சூப் கொண்டுவந்து கொடுத்தவர். ரிச்சர்டு அவரை அழைத்துப் படத்தைக் காட்டி, மைக்கேல், கேதரின், கோட்டை, கம்பெனிப் பட்டாளம் என்று எல்லாம் சொன்னார். எனக்கு அவர் முகத்தில் அத்தனை வெளிச்சத்தைப் பார்த்து நாளாகியிருந்தது. டெர்மட் கடைசிவரை கேட்டார். பிறகு, "ஸோ, ஹி டுக் த ஷில்லிங்" என்றார்.

"எஸ், எஸ். வெரி ஸ்மால் சேலரி. புவர் மேன்" என்றார் ரிச்சர்டு.

டெர்மட் தேநீரை முடித்துக்கொண்டு போய்விட்டார். ஷில்லிங் வாங்கினான் என்றால் ஆங்கில ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்தான் என்று பொருள் என்பதை மருத்துவமனையில் என்னோடு வேலை செய்யும் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதை இங்கே பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லையாம். அப்படிப் போனவர்களைப் பற்றிப் பல வீடுகளில் பேசுவதே இல்லையாம். வீட்டுக்கு வந்து ரிச்சர்டிடம் சொன்னேன். அவர் படத்தைக் கழற்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரிடமும் அதைக் காட்டவும் இல்லை. டெர்மட் எங்களைத் தவிர்க்கிறார் என்று நினைத்து, குப்பைத்தொட்டியை வெளியே வைக்கும்போதுகூட நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்களுக்கென்று இருந்த ஒரே வாசலையும் நாங்களே சாத்திவிட்டோம் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெர்மட் கதவைத் தட்டினார். ரிச்சர்டு மாடிக்குப் போகவில்லை, அவரே திறந்தார். எங்களைக் காரில் ஏறச் சொன்னார் டெர்மட். எங்கே என்று சொல்லவில்லை. ஊரைத் தாண்டி, இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய ஒற்றைச் சாலையில் போய், கூரையில்லாத ஒரு பழைய கோயிலின் பக்கத்தில் நிறுத்தினார். கல்லறைகள், புல், ஈரம். சுவர் ஓரமாக, கொடி மூடிக்கிடந்த ஒரு கல்லைக் காட்டினார். அவருடைய தாத்தாவுக்குச் சித்தப்பாவோ யாரோ. இந்தியாவில் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து இங்கே செத்தவர். வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. "என் அப்பா உள்ளே போனதில்லை" என்று இங்கிலீஷில் சொன்னார் டெர்மட். "எனக்கும் கால் வரவில்லை." சுவருக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ரிச்சர்டு உள்ளே போனார். முழங்காலிட்டு உட்கார்ந்து கொடியைப் பிடுங்க ஆரம்பித்தார். ஐரின் காருக்குள் இருந்தாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு கறுத்த மனிதன் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறான் என்று யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் எனக்கு. நினைத்தபடியே ஒரு கார் வளைவில் தெரிந்தது. எங்கள் அருகே வந்ததும் வேகம் குறைந்தது. நான் கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். ஓட்டியவர் இளைஞர். டெர்மட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவருக்கு மேலே தெரிந்த ரிச்சர்டின் முதுகைப் பார்த்தார். பிறகு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கினார். இந்தப் பக்கத்துக் கிராமத்துச் சாலைகளில் அது வணக்கம். தெரிந்தவர்களுக்கு, சில சமயம் தெரியாதவர்களுக்கும். எங்களில் யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு விரலைத் தூக்கினேன்.

கார் கடந்து போனது. கொஞ்ச தூரத்தில், பிரேக் பிடித்தது போல, அதன் பின்விளக்குச் சிவப்பாக எரிந்தது. அது அணைந்து கார் மறையும்வரை நான் அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னால், தனக்கு எந்த உறவும் இல்லாத ஒருவனின் கல்லை ரிச்சர்டு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.